குனியாமல் பேச ஒரு ஜன்னல்

பணி ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த பெரியப்பா மகன் கேட்டார்: "முப்பத்தோரு வருஷம் யுனிவர்சிட்டில குப்பை கொட்டினியே, என்னம்மா சாதிச்சே?"

"ஒரு ஜன்னலை இடிச்சேண்ணே" என்றேன்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போனார். நான் சொன்னது நிஜம்.

எங்கள் பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், கல்வி உதவித்தொகைப் பிரிவுக்கு ஒரு ஜன்னல் இருந்தது. முழுக்கக் கம்பி வலை. வலைக்கு அடியில் கை நுழைகிற அளவுக்கு அரைவட்டமாக ஓர் ஓட்டை. அந்த ஓட்டை தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருந்தது. உள்ளே எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அவருக்கு அது சௌகரியம். வெளியே நிற்கிற பிள்ளை பேச வேண்டுமானால் இடுப்பை மடித்துக் குனிந்து, முகத்தைத் திருப்பி, ஓட்டைக்கு நேராக வாயை வைக்க வேண்டும். பதிலைக் கேட்க அதே இடத்தில் காதை வைக்க வேண்டும். பணம் வாங்குகிற இடத்துக்கு அப்படி ஒரு வலை வேண்டியிருக்கலாம். எங்கள் பிரிவில் ஒரு பைசா புழக்கம் கிடையாது. வந்து போனதெல்லாம் காகிதம்தான்.

2009-இல் அந்தப் பிரிவுக்குக் கண்காணிப்பாளராகப் போனேன். போன மாதமே கோப்பு எழுதினேன்: வலையை எடுத்துவிட்டு ஒரு மேசை, வெளியே ஒரு பெஞ்சு. கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை, "அவசியம் என்ன?" இரண்டாம் முறை, "மதிப்பீடு இணைக்கப்படவில்லை." மூன்றாவதுதான் உச்சம். அந்தக் கம்பி வலை இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிற சொத்தாம், அதைக் கழிவு செய்ய ஆணை பெறாமல் இடித்தால் தணிக்கைத் தடை வருமாம். பதினான்கு மாதம் ஆயிற்று. பெஞ்சு வந்த அன்று, யாரும் வருவதற்கு முன்னால் நானே போய் அதில் உட்கார்ந்து பார்த்தேன்.

இது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நான் ராணிப்பேட்டைக்காரி. அப்பா டேனரியில் தோலுக்குச் சுண்ணாம்பு ஏற்றுகிற வேலை பார்த்தார். அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அந்த வாடை தெருமுனைக்கு வந்துவிடும். 1980-இல் எனக்கு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்தது. உதவித்தொகை விண்ணப்பத்தில் "பெற்றோரின் ஆண்டு வருமானம்" என்று ஒரு கட்டம். அப்பாவுக்கு வாரக்கூலி. அதை ஐம்பத்திரண்டால் பெருக்குவதா, வேலையில்லாமல் போன மழை வாரங்களைக் கழிப்பதா? யாரைக் கேட்பது? கல்லூரி அலுவலக வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். தலைமை எழுத்தர் எழுந்து வந்தார்.

"ஏம்மா, அழுதா ஃபாரம் நனைஞ்சிடும். இன்னொரு ஃபாரத்துக்கு நான் எங்க போவேன்?"

தன் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, அவரே பூர்த்தி செய்தார். போகிற போக்கில், "ஹாஸ்டல் இருக்கே, தெரியுமா?" என்றார். ஆதிதிராவிடர் நல விடுதி என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மறுநாள் அவருக்கு என் முகம் ஞாபகம் இருந்திருக்காது. நான் பட்டம் வாங்கியது அந்தப் பத்து நிமிஷத்தால்.

1991-இல் ஒரு பல்கலைக்கழகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, அதிலிருந்து பிரிந்த புதுப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டு, 2022-இல் துணைப் பதிவாளராக வெளியே வந்தேன். கடைசிப் பதின்மூன்று வருஷம் உதவித்தொகைப் பிரிவு, அதோடு சேர்ந்து 'எஸ்.சி., எஸ்.டி. செல்'. இந்தக் காலத்தில் நான் மிக அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. "எங்க வீட்ல கேக்கறதுக்கு ஆள் இல்ல மேடம்." மார்க் இருக்கும், இடம் கிடைத்திருக்கும், சட்டப்படி உரிமை இருக்கும். கேட்க ஆள் இருக்காது. படித்த வீட்டில் ஒரு மாமாவோ சித்தியோ, "டி.சி.யை ஒப்படைக்கறதுக்கு முன்னாடி பத்து ஜெராக்ஸ் எடுத்து வெச்சிக்கோ" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரி கிடைக்காததால் இரண்டாம் வருஷம் வேறு படிப்புக்கு மாற முடியாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

செல் என்றதும் பலருக்கு அது புகார் வாங்குகிற இடம் என்று நினைப்பு. உண்மையில் அங்கே பாதி வேலை கணக்கு வேலை. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, ஆதிதிராவிடருக்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. நூறு இடம் உள்ள வகுப்பில் இதைப் பங்கிடுவது சுலபம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நூறு இடம் எங்கே வருகிறது? வருஷத்துக்கு இரண்டு, மூன்று. அதற்காகத்தான் இனச்சுழற்சிப் பதிவேடு (ரோஸ்டர்).

நீளமான பச்சை அட்டைப் புத்தகம். 200 வரிசை எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே அந்த முறை யாருக்கு என்று எழுதியிருக்கும். 200-இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 53, முஸ்லிம்களுக்கு 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 40, ஆதிதிராவிடருக்கு 30, அருந்ததியருக்கு 6, பழங்குடியினருக்கு 2. மீதி 62 பொதுப் போட்டி. அரை விழுக்காடுகள் வருவதால்தான் 100 போதாமல் 200 ஆயிற்று. போன முறை நியமனம் எந்த எண்ணில் நின்றதோ, அடுத்தது அதற்கு அடுத்த எண்ணிலிருந்து. அவ்வளவுதான், பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற மாதிரி.

ஆனால் டிக்கெட் கட்டை யார் கையில், எத்தனை கட்டை என்பதில் விஷயம் இருக்கிறது. பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே பதிவேடு என்றால் எண் வேகமாக ஓடும், பழங்குடியினரின் முறை என்றைக்காவது வரும். துறைக்குத் துறை தனிப் பதிவேடு என்றால்? நான்கு ஆசிரியர் உள்ள துறையில், ஒருவர் ஓய்வுபெற்று இன்னொருவர் வந்து, அந்த எண் நகர்ந்து நகர்ந்து பழங்குடியினரிடம் வந்து சேரப் பல தலைமுறை ஆகும். விழுக்காட்டில் ஒரு புள்ளி குறையவில்லை, சட்டம் அப்படியே இருக்கிறது, ஆள்தான் வரவில்லை.

இது ஏதோ என் அலுவலகக் கவலை இல்லை. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, துறையை அலகாகக் கொள்ளச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. '13 புள்ளி ரோஸ்டர்' என்று நாடு முழுக்க ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தது அதனால்தான். கணக்கைப் பாருங்கள். மத்திய ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு. நூறை 27-ஆல் வகுத்தால் 3.7, ஆக நான்காவது இடம்தான் அவர்களுக்கு முதல் முறை. பட்டியல் சாதிக்கு 15; ஏழாவது இடம். பழங்குடியினருக்கு 7.5, வகுத்தால் 13.33, பதினான்காவது இடம். பதின்மூன்று பேர் வரை உள்ள துறையில் முதல் சுற்றில் அந்த இடம் வருவதே இல்லை! 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை மாற்ற மறுத்தது. மார்ச்சில் அவசரச் சட்டம், ஜூலையில் நாடாளுமன்றச் சட்டம் வந்து மத்தியக் கல்வி நிறுவனங்களில் முழு நிறுவனமே ஓர் அலகு என்று ஆன பிறகுதான் அடங்கிற்று. அந்த ஒரு வருஷம் முழுக்க எங்கள் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் டிபன் பாக்ஸ் மூடியில் விரலால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். புள்ளியியல் பேராசிரியர் ஒருவர், "இவ்வளவுதானா மேடம்? இத்தனை நாள் ஏதோ அரசியல்னு நெனச்சேன்" என்றார். அரசியல்தான் சார், வகுத்தல் கணக்கில் எழுதப்பட்ட அரசியல் என்றேன்.

பதிவேட்டைப் பற்றி இன்னொன்று. அதில் பென்சிலால் எழுதக் கூடாது. நான் பொறுப்பேற்றபோது ஐந்து பக்கம் பென்சிலில் இருந்தது. யார், எதற்கு என்று நான் கேட்கவில்லை. பழைய நியமன ஆணைகளை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று வாரம் சரிபார்த்து, மையால் எழுதிப் பதிவாளரிடம் கையெழுத்து வாங்கினேன். என் உத்தியோக வாழ்க்கையில் எனக்கு எதிரிகள் உண்டானது அந்த மூன்று வாரத்தில்.

பிள்ளைகளிடம் வருகிறேன்.

எம்.எஸ்சி. சேர ஒரு பெண் வந்தாள். ஈரோடு மாவட்டத்தில் பர்கூர் மலை. மலையாளி சமூகம். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வழங்குகிற பெயர். கல்வராயன் மலையில் கட்டிக்கொடுத்த அத்தை வீட்டில் தங்கிப் படிக்க வந்திருந்தாள். அத்தை பிள்ளைகள் பழங்குடிச் சான்றோடு படிக்கிறார்கள். இவளிடம் சான்று இல்லை.

"ஏம்மா, அத்தை வீட்டுக்குக் குடுத்திருக்காங்க, உங்கப்பாவுக்குக் குடுக்கலையா?"

"அது சேலம் பக்கம் மேடம். நாங்க ஈரோடு."

பழங்குடிப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களும் அச்சாகியிருக்கின்றன: தருமபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. பட்டியல் போட்ட நாளில் ஈரோடு கோவையோடு இருந்தது, கோவை அந்தப் பட்டியலில் இல்லை. அண்ணன் ஒரு மலையில் இருந்து, தங்கை இன்னொரு மலையில் வாக்கப்பட்டால் ஒருவர் பிள்ளைகள் பழங்குடி, மற்றவர் பிள்ளைகள் இல்லை. நாடாளுமன்றம் திருத்த வேண்டிய பட்டியலை என்னைப் போன்ற கண்காணிப்பாளர் என்ன செய்ய முடியும்? அவளுக்குப் பொதுப் பிரிவில் இடம் கிடைத்தது, நல்ல மார்க். உதவித்தொகை கிடையாது. கட்டணத்தைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டுக் குறிப்பு எழுதினேன், துணைவேந்தர் சம்மதித்தார். என்னால் ஆனது அதுதான். படிப்பை முடித்துவிட்டுப் போகும்போது ஒரு பை நிறையத் தினையும் சாமையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வாங்கிக்கொண்டேன்.

பட்டியலில் இருந்தாலும் சான்று சுலபமில்லை. 1989-இல் தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்று கொடுக்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து வருவாய்க் கோட்டாட்சியருக்குப் போனது. போலிச் சான்றுகளைத் தடுக்கத்தான், அதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு கோட்டாட்சியர் தயங்கினால் ஒரு மலை முழுக்க ஒரு வருஷம் சான்று இல்லாமல் போகும். அண்ணனுக்கு 2011-இல் கொடுத்த சான்று, தங்கைக்கு 2014-இல் மறுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன், ஒரே தாய் தகப்பன். இருளர் பையன் ஒருவனிடம் விசாரணைக்கு வந்தவர், "பாம்பு பிடிப்பியா?" என்று கேட்டாராம். "எனக்குப் பாம்புன்னாலே பயம் மேடம்" என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அன்று மாலை வரை வேலை ஓடவில்லை.

அடுத்து பணம். வெளியில் இருப்பவர்களுக்கு, உதவித்தொகை வருகிறதே, அப்புறம் என்ன குறை என்று தோன்றும். ஆண்டு வருமானம் குறிப்பிட்ட வரம்புக்கு உட்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை, தனியார் சுயநிதிக் கல்லூரியானாலும், அரசே ஏற்கும் என்று 2012-இல் ஓர் அரசாணை வந்தது. எண் 92. விடுதிகளில் 'ஜி.ஓ. 92' என்றால் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். சொல்லளவில் தங்கமான ஆணை. பணம் வந்து சேரக் கல்வியாண்டு முடிந்துவிடும். நடுவில் சில கல்லூரிகள், "இப்போதைக்கு நீ கட்டு, வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்பார்கள். கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் வராது.

எங்களோடு இணைந்த ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம், பதினோரு பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தது. தேர்வு திங்கட்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் ஒரு பையன் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன் என்றே சொல்லலாம். "விதிப்படி ஹால் டிக்கெட் குடுக்கறது நாமளா, கல்லூரியா சார்?" "நாமதான்." "அப்ப நாமளே நேரா குடுத்துடலாமே." அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். திரும்பி உள்ளே வந்து பதினொன்றையும் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார். நல்ல அதிகாரிகள் நிறைய உண்டு. சனிக்கிழமை மத்தியானம் அவர்களைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

இங்கே ஒரு தரகர் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் ஊர் ஊராக வந்து, "நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுகிறேன், ஸ்காலர்ஷிப் வந்துவிடும், ஒரு ரூபாய் செலவில்லை" என்று பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இப்போது அந்த உதவித்தொகை கிடையாது. கலந்தாய்வில் போனால்தான். இது தெரியாமல் இரண்டாம் வருஷம் கடன்காரர்களாக நின்றவர்கள் பலர்.

பணம் வந்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. இன்ஷியல். நம் ஊரில் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து. பள்ளிச் சான்றிதழில் 'கே. செல்வி', ஆதாரில் 'செல்வி கண்ணன்', வங்கியில் 'செல்வி கே'. நமக்கு மூன்றும் ஒரே பெண். கணினிக்கு மூன்று பேர். உதவித்தொகை ஆதாரோடு இணைந்த கணக்குக்கு நேரே போகும் என்று ஆன பிறகு, பெயர் ஒத்துவராமல் திரும்பிப் போன தொகைகளைத் துரத்துவதே ஒரு தனி வேலையாயிற்று. எட்டாம் வகுப்பில் பள்ளியில் தொடங்கிக்கொடுத்த கணக்கு செயலற்றுப் போயிருக்கும், ஆதார் அதோடுதான் இணைந்திருக்கும். பிள்ளை கையில் வைத்திருப்பது வேறு பாஸ்புக். நாங்கள் செய்தது சின்ன வேலை: ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் வங்கிக்காரர்களை வளாகத்துக்கு வரவழைத்து, மரத்தடியில் மேசை போட்டு, ஒவ்வொரு பிள்ளையின் மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் வருஷம் மழை வந்து எல்லாரும் சைக்கிள் ஷெட்டுக்குள் ஓடினோம். வேலை அங்கேயும் நடந்தது.

திட்டங்களுக்குக் குறைவில்லை. 2010-இல் முதல் பட்டதாரி சலுகை வந்தது. அக்கா பி.ஏ. முடித்திருந்தால் தங்கைக்குக் கிடையாது என்பது அதன் முள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-லும் 7.5 விழுக்காடு வந்தது. நான் ஓய்வு பெற்ற வருஷம் செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம், மாதம் 1,000 ரூபாய். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்கள், மலையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்ணின் மாதச் செலவை எழுதிப் பார்த்ததில்லை.

எனக்குத் தோல்வியும் உண்டு. அதை மறைத்தால் இது சுயபுராணம் ஆகிவிடும்.

2012-இல் யு.ஜி.சி. சமத்துவ விதிமுறைகள் கொண்டுவந்தது. ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவு வேண்டும், பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலர் வேண்டும். எங்களிடமும் ஓர் அலுவலர் இருந்தார், பெயர்ப்பலகையில். 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா இறந்தார்; வளாகங்களில் சாதிப் பாகுபாடு பற்றி நாடெங்கும் கேள்வி எழுந்தது. எங்கள் மேலிடத்துக்குத் திடீரென்று செல்லின் கூட்டக் குறிப்புகள் தேவைப்பட்டன. நடக்காத கூட்டங்களுக்கு நானே உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். தேதி போட்டேன். கையெழுத்துகள் வாங்கினேன். அந்தப் பச்சைப் பதிவேட்டில் பென்சில் எழுத்தைப் பார்த்துக் கோபப்பட்ட அதே கைதான்.

அதற்கு முந்தைய வருஷம்தான் ஓர் ஆய்வு மாணவன் என்னிடம் வந்திருந்தான். நெறியாளர் வீட்டுக் கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், பேரனை ஸ்கூலில் விடுவது, எல்லாம் அவன் தலையில். மற்ற மாணவர்கள் யாரும் அதைச் செய்வதில்லை. ஏன் அவன் மட்டும் என்பதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, இருவருக்கும் தெரியும். "எழுதிக் குடு" என்றேன். எழுதிக் கொடுத்தான். விதிப்படி மேலே அனுப்பினேன். இரண்டு நாளில் வந்து மனுவைத் திரும்பக் கேட்டான். "கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டார் மேடம், மூணு வருஷம் வீணாப் போயிடும்." கொடுத்துவிட்டேன். ஆறு மாதத்தில் படிப்பை விட்டுவிட்டுப் போனான். நெறியாளரை மாற்றித் தரும்படி முதலில் ஆட்சிக்குழுவுக்கு எழுதிவிட்டு, புகாரைப் பிறகு எடுத்திருக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தேன். விதி தெரிந்த எனக்கு அந்தப் புத்தி அன்று வரவில்லை.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு முன்மாதிரி யார் என்று கேட்டால் நான் நெ. து. சுந்தரவடிவேலுவைச் சொல்வேன். காமராசர் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநர், மதிய உணவுத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர், பிறகு 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவருடைய தன்வரலாறான 'நினைவு அலைகள்' ஓர் அதிகாரியின் புத்தகம். எந்தக் கோப்பு எங்கே நின்றது, யாரிடம் எப்படிப் பேசி நகர்த்தினார் என்று இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிற உதவியாளர்களுக்கு அதைப் படிக்கக் கொடுப்பேன். பாதிப் பேர் திருப்பித் தரவில்லை. 1992 முதல் 1998 வரை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வசந்தி தேவி அம்மையாரைக் கூட்டங்களில் தூர இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு மேசையும் பெஞ்சும் குறிப்பு எழுதுகிற பேனாவும். குறிப்பு எழுதுவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். மேலே இருப்பவர் நல்லவராக இருந்தாலும், அவர் கையெழுத்துப் போட ஒரு குறிப்பு கீழேயிருந்து போக வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகும் மே மாதம் வந்தால் என் வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். தெருப்பிள்ளைகள், தெரிந்தவர் பிள்ளைகள், பேருந்தில் பழக்கமான நடத்துநரின் மகள். எல்லாருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான், உங்களுக்கும் அதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர், பூக்கட்டுகிறவர், இஸ்திரிக்காரர் பிள்ளை யாராவது இந்த வருஷம் பிளஸ் டூ எழுதியிருந்தால், மார்க் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், வருமானச் சான்று எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். பழையது இருந்தால் தேதியைப் பாருங்கள், ஒரு வருஷம்தான் செல்லும். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் இன்ஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூன் வந்துவிட்டால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கூட்டம் தாங்காது. இ-சேவை மையத்தில் அதற்கு முன்னாலேயே விண்ணப்பம் கொடுத்துவிடலாம், கட்டணம் 60 ரூபாய்.